வீட்டுப் பேப்பர்களை யார் தேடினாலும் கிடைக்கும்படி வைப்பது எப்படி

உங்கள் வீட்டுப் பேப்பரெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. வீட்டு விவகாரங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆள் வெளியூர் போயிருக்கும் ஒரு நாளில், வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் மூன்றே மூன்று பேப்பரைக் கேளுங்கள்: கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது, மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். யாருக்கும் போன் போடாமல் அவர் எடுத்துக் கொடுத்துவிட்டால் நீங்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. முக்கால்வாசி வீடுகளில் போனில் வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: "பச்சை பைல்ல இருக்கும் பாரு, இல்லன்னா பீரோ மேல இருக்கிற சூட்கேஸ்ல, அதுலயும் இல்லன்னா விடு, நான் வந்து எடுத்துக்கிறேன், நீ எதையும் கலைச்சிடாதே."

பேப்பர் வீட்டில்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்ற கணக்குதான் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாளில்தான் அந்தக் காப்பீட்டுப் பேப்பர் தேவைப்படும், அன்றைக்கு அவரிடம் கேட்க முடியாது. அதனால் நான் சொல்லப்போகும் முறைக்கு ஒரே ஒரு குறிக்கோள்தான்: இந்தப் பேப்பர்களைத் தொட்டே பார்த்திராத ஆளும் ஐந்து நிமிடத்தில் வேண்டியதை எடுத்துவிட வேண்டும். அழகான பைல், கலர் ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

கூடத்தில் பாயை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டில் பேப்பர் ஒளிந்திருக்கும் எல்லா இடத்திலிருந்தும் எடுத்து வந்து கொட்டுங்கள். பீரோ லாக்கர், சாமி அலமாரி, மெத்தைக்கு அடி, கல்யாண ஆல்பத்தின் உறை, பழைய ஹேண்ட்பேக், வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர், காலண்டருக்குப் பின்னால் செருகிய ரசீது என்று ஒன்றையும் விடாதீர்கள். மாமியார் வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஏதாவது கொடுத்து வைத்திருந்தால் அதைச் சும்மா ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இப்போதே போய் வாங்கி வர வேண்டாம்.

கொட்டியதும் கை தானாகவே "இது அப்பாவுது, இது அம்மாவுது" என்று பிரிக்கப் போகும். அதற்கு முன்னால் ஒவ்வொரு பேப்பரையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது இன்றைக்குத் தொலைந்தால் என்ன செய்வேன்? அந்தப் பதிலை வைத்து மூன்று குவியல் போடுங்கள்.

முதல் குவியல், தொலைந்தால் அலைச்சலும் செலவும் மாதக்கணக்கில் போகும் பேப்பர்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் (சொத்து உங்களுக்கு வருவதற்கு முன் கைமாறிய பழைய பத்திரம்), பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், உயில், நீதிமன்றத் தீர்ப்பு நகல், பள்ளி கல்லூரிச் சான்றிதழ்கள், பழைய கையெழுத்துப் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, பாஸ்போர்ட், எல்.ஐ.சி. பாலிசி பத்திரம். இரண்டாவது குவியல், தொலைந்தாலும் இணையத்திலோ இ-சேவை மையத்திலோ திரும்ப எடுக்கக்கூடியவை. ஆதார், பான், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான விற்பனை, கடன் விவரம்), வண்டி ஆர்.சி. எல்லாம் இதில் வரும். மூன்றாவது குவியல் குப்பையும் குப்பையாகப் போகிறவையும்.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்றால், நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நினைத்தால் மறுபடி பிரின்ட் எடுக்கக்கூடிய ஆதாரை லேமினேட் செய்து பர்ஸிலும் பீரோவிலும் பூஜை அறையிலுமாக வைத்திருப்போம், ஊர் நிலத்தின் தாய்ப்பத்திரம் பரண்மேல் ஒரு துணிப்பையில் கிடக்கும். கவனம் முழுக்க முதல் குவியலுக்குப் போகட்டும்.

வீடு, நிலம் பேப்பர்கள்

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு குடும்பத்தின் மொத்த சேமிப்பும் பல நேரம் இந்த ஒரு கவருக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு தனிக் கவர் போடுங்கள், இரண்டு சொத்தை ஒரே கவரில் வைக்காதீர்கள். கவருக்குள் காலவரிசையில் அடுக்குங்கள்: கிடைத்ததில் பழைய பத்திரம் அடியில், உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரம் அதற்கு மேல், அப்புறம் பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), வீட்டு வரைபட அனுமதி, முதல் வரி விதிப்பு ஆணை, வரி ரசீதுகள், மின் இணைப்பு ஆவணம். விற்கப் போனாலும் வீட்டுக் கடன் கேட்டாலும் வங்கி வக்கீல் சொத்து எப்படிக் கைமாறி வந்தது என்று பழசிலிருந்துதான் படித்துக்கொண்டு வருவார், முப்பது வருட வில்லங்கம் கேட்பது சாதாரணம். அவர் படிக்கும் வரிசையிலேயே நீங்கள் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுக்கும்போதே இரண்டு விஷயம் சரிபாருங்கள். ஒன்று, பத்திரம் உங்கள் பெயரிலும் பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலும் இருக்கிறதா என்று. பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டவர்கள் நம்மில் ஏராளம். வருவாய்த் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, வீட்டுக் கடன் முடித்தவர்களுக்கு. கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம், ஆனால் கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததாக ஒரு ஆவணம் பதிவாகியிருக்கும், கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீது ஆவணத்தையும் அதற்குப் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் முடிந்ததாகத் தெரியும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம், ஒருமுறை போட்டுப் பாருங்கள். கடன் முழுவதும் கட்டிய 30 நாளுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருப்பதால், இழுத்தடித்தால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

பத்திரம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அந்தக் கவரின் அருமை புரியும். காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். அத்தனையும் வாங்கிய பிறகும் வாங்க வருகிறவர் "அசல் எங்கேயாவது அடமானத்தில் இருக்குமோ" என்று சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

பேரும் இன்ஷியலும்

சான்றிதழ்களை அடுக்கும்போது, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு, ஆனால் நம் ஊரில் இதைவிட அதிகமாக ஆளை அலையவிடும் விஷயம் வேறில்லை.

கருப்பையா மகன் முருகேசன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முருகேசன் கே. என்று இருக்கும். பான் கார்டுக்கு இன்ஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் அதில் முருகேசன் கருப்பையா. பட்டாவில் முருகேசன், த/பெ கருப்பையா. வங்கியில் கே. முருகேசன். ஆதாரில் இன்ஷியலே இல்லாமல் வெறும் முருகேசன். இதோடு நின்றால் பரவாயில்லை, ஆங்கில எழுத்தில் ஒன்றில் நடுவில் 'ஜி' இருக்கும், இன்னொன்றில் அதே இடத்தில் 'கே' இருக்கும். பிறந்த தேதியிலும் இப்படித்தான், பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி ஒன்று, பிறப்புப் பதிவேட்டில் உள்ள தேதி ஒன்று. பி.எஃப். பணம் எடுக்கும் நாளிலும், பாஸ்போர்ட் அலுவலகத்தின் டோக்கன் எண் வந்த பிறகும்தான் இது வெடிக்கும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போட்டு, இடது பக்கம் ஆவணத்தின் பெயர், அடுத்து அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே, அடுத்து பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி, பதிந்த போன் எண் என்று எழுதுங்கள். எங்கே ஒட்டவில்லை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கிளம்ப வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மாற்றச் சுலபமான ஆதார், பான், வங்கி மூன்றையும் அதற்கேற்பத் திருத்துங்கள். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு இல்லாமல் ஒன்றும் நகராது, அந்த அரசிதழ்ப் பிரதி முதல் குவியலைச் சேர்ந்தது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே வந்துவிட்டது, பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதுதான். ஆகவே குழந்தையின் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டதா, அப்பா அம்மா பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

பேப்பர் கெடாமல் இருக்க

லேமினேஷன் வேண்டாம். சான்றிதழ் பளபளவென்று இருக்கட்டும் என்று எல்லாரும் செய்வதுதான், ஆனால் லேமினேட் செய்ததில் பின்னால் முத்திரை குத்த முடியாது, வெளிநாட்டு வேலைக்கு அட்டஸ்டேஷன் (சான்றிதழ் உண்மையானது என்ற முத்திரை) வாங்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிரிக்கப் பார்த்தால் பேப்பரே கிழியும். பஞ்ச் செய்து பைலில் கோப்பதும் வேண்டாம். பத்திரத்தில் பின் குத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள், துரு ஏறி மூலையைத் தின்றுவிடும். மெத்தென்று இருக்கும் மலிவான பிளாஸ்டிக் கவரில் நாளாக நாளாக எழுத்து கவரோடு ஒட்டிக்கொண்டு வரும், மொடமொடப்பான தெளிவான கவர் வாங்குங்கள், அல்லது சாதாரண காகித உறையே போதும். புதுப் பத்திரம் வந்ததும் சாமி முன்னால் வைத்து மூலையில் மஞ்சள் வைப்பது நம் வழக்கம், அந்த மஞ்சளை உறையின்மேல் வையுங்கள், முத்திரைத் தாளில் ஈரம் படாமல் இருக்கும்.

அப்புறம் தெர்மல் பேப்பர். ஏ.டி.எம். சீட்டு, கடை பில், இ.சி.ஜி. தாள், சில ஸ்கேன் படங்கள் எல்லாம் சூடுபட்டால் கறுக்கும் ரசாயனம் பூசிய தாளில் வருபவை. அதில் மை கிடையாது, அதனால் வெயிலும் வெளிச்சமும் பட்டுக்கொண்டே இருந்தால் சில மாதத்திலேயே வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். ஃப்ரிட்ஜுக்கு ஐந்து வருட கேரண்டி, பில்லில் உள்ள எழுத்துக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. இப்படிப்பட்ட பில் கைக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அல்லது போனில் ஸ்கேன் செய்துவிடுங்கள். தப்பித் தவறி லேமினேஷன் மெஷினில் விட்டுவிடாதீர்கள், முழுசாகக் கறுத்து வெளியே வரும். இதய நோயாளி இருக்கும் வீட்டில் பழைய இ.சி.ஜி. டாக்டருக்கு ரொம்ப உதவும், அவற்றைத் தேதி எழுதி நகலெடுத்து வையுங்கள்.

வைக்கும் இடம் தரையிலும் வேண்டாம், பரண்மேலும் வேண்டாம். தரையில் வெள்ளமும் கரையானும், பரணில் கோடை உஷ்ணமும் எலியும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், ஒரு கை அளவு தள்ளி வையுங்கள். நெஞ்சு உயரத் தட்டில் மூடி இறுகும் ஒரு பெட்டி, அதற்குள் முதல் குவியல் முழுக்க. ஓடும் நேரத்தில் ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய அளவில் அந்தப் பெட்டி இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் எத்தனையோ வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் சேறானது, தொலைந்த ஆவணங்களுக்காக அரசு சிறப்பு முகாம் போட வேண்டியிருந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அக்டோபர் பிறந்ததும் அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்றிவிடுவது நல்லது.

வங்கி லாக்கர் வைத்திருந்தால் மூலப் பத்திரத்தை அங்கே வைக்கலாம். ஆனால் லாக்கர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, நாமினியும் போடாமல், உயிலும் அதற்குள்ளேயே இருந்தால், அவர் போன பிறகு அதைத் திறக்கவே குடும்பம் அல்லாட வேண்டியிருக்கும். லாக்கரைக் கூட்டாகப் போடுங்கள், உயிலை லாக்கருக்கு வெளியே வையுங்கள்.

எதைத் தூக்கிப் போடலாம்

போகிக்கு முந்தைய வாரம் இதற்கென்றே இருப்பது போல. இ.பி., போன், கேஸ் ரசீதுகளில் கடைசி சில மாதம் போதும், பழசு எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது. முடிந்துபோன வண்டி இன்சூரன்ஸ், அதில் கிளெய்ம் எதுவும் நிலுவையில் இல்லையென்றால் போகட்டும். பாஸ்புக் பழசை வைத்திருங்கள், செக்புக் அடிக்கட்டைகளைத் தூக்கிவிடலாம். வருமான வரிப் பேப்பர்களை எட்டு வருடம் வைத்திருங்கள் என்பது என் கருத்து, கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் நோட்டீஸ் வரும் நாளில் தேடுவதைவிட வைத்திருப்பது மேல்.

தூக்கிப் போடவே கூடாதவை என்று யாரும் நினைக்காத சில இருக்கின்றன. பழைய வீட்டு வரி ரசீது, உரிமைப் பத்திரம் ஆகாதுதான், ஆனால் இத்தனை வருடமாக அனுபவத்தில் இருக்கிறோம் என்று காட்ட அதுதான் கைகொடுக்கும். வீடு கட்டிய பில்கள், மாடி எடுத்த செலவு, நகை வாங்கிய பில்: விற்கும்போது லாபத்துக்கு வரி கணக்கிடுகையில் இந்தச் செலவைக் கழிக்கலாம், அதற்குப் பில் வேண்டும். முடித்த கடன் ஒவ்வொன்றுக்கும் கடன் முடிந்த கடிதம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, எத்தனை வருடம் ஆனாலும். கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய பங்குப் பத்திரமோ டெபாசிட் ரசீதோ கிடைத்தாலும் செல்லாது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

வேண்டாதவற்றை எரிக்காதீர்கள், பழைய பேப்பர்காரரிடம் முழுசாகப் போடவும் செய்யாதீர்கள். கணக்கு எண், ஆதார் எண், கையெழுத்து இருக்கும் இடத்தைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொட்டிவிடுங்கள்.

போனிலும் கம்ப்யூட்டரிலும்

இப்போது முதல் இரண்டு குவியலையும் ஸ்கேன் செய்யுங்கள். மேஜைமேல் வைத்து எடுத்த போட்டோ ஸ்கேன் ஆகாது, நிழல் விழும், மூலை வளையும். கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, ஐபோனில் நோட்ஸுக்குள் இருக்கிறது, காசு கட்டி எந்த ஆப்பும் வேண்டாம். பத்திரம் போல நிறையப் பக்கம் உள்ளதை மட்டும் கடையில் ஸ்கேனரில் 300 டி.பி.ஐ.யில் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப் ஆக, முத்திரை குத்திய பின்பக்கமும் சேர்த்து. பின்பக்கத்தை விட்டுவிடுவதுதான் கடைகளில் வழக்கமாக நடக்கும் தவறு, பதிவு எண்ணும் தேதியும் பல பத்திரங்களில் அங்கேதான் இருக்கும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன் தானாகப் போடும் எண்ணும் எழுத்துமான பெயரை அப்படியே விட்டால் அந்த ஸ்கேன் தொலைந்ததற்குச் சமம். ஆள் பெயர், ஆவணத்தின் பெயர், தேதி, இந்த மூன்றும் போதும்: "முருகேசன் பான்", "வீடு வரி ரசீது 2024-09-12", "அம்மா ரத்தப் பரிசோதனை 2025-01-20". வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் கோப்புகள் தாமே காலவரிசையில் நிற்கும். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, சில அரசு இணையதளங்கள் தமிழில் பெயரிட்ட கோப்பை ஏற்றுக்கொள்ளாமல் அடம்பிடிக்கும். ஃபோல்டர் வீட்டில் ஒரு ஆளுக்கு ஒன்று, அதோடு வீடு, வண்டி, வரி, மருத்துவம் என்று நாலு, இதற்குமேல் உள்ளே உள்ளே என்று போகாதீர்கள். அதே பெயர்களை பீரோவில் உள்ள காகிதக் கவர்களிலும் எழுதுங்கள், போனில் தேடத் தெரிந்தவருக்கு பீரோவிலும் தேடத் தெரியும்.

வாட்ஸ்அப்பை பீரோவாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். "எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடு, நான் வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பிய சான்றிதழ், படமாகப் போனதால் தரம் குறைந்து எழுத்து மங்கியிருக்கும், போன் மாற்றியபோது பழைய உரையாடலோடு போயிருக்கும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வந்ததை அன்றே அதன் ஃபோல்டரில் போடுங்கள்.

ஆவணங்களை வைத்துக்கொள்ள அரசு தரும் டிஜிலாக்கர் எல்லாரும் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டியது, 2015-இலிருந்து இருக்கிறது, இலவசம். ஆனால் அதற்குள் இரண்டு பகுதி இருப்பதைக் கவனியுங்கள். துறைகளே நேரடியாக வழங்கியவை ஒரு பகுதி, அவை விதிகளின்படி அசலுக்குச் சமம், வண்டி ஆர்.சி.யையும் லைசென்ஸையும் போலீஸ் சோதனையில் அதில் காட்டினால் போதும். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னொரு பகுதி, அவை வெறும் நகல்தான், அவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது. கிரயப் பத்திரத்தை ஏற்றிவிட்டோம், இனி அசல் எங்கே போனால் என்ன என்று இருந்துவிடாதீர்கள்.

பிறகு ஜெராக்ஸ் கடை. ஆதாரை பிரின்ட் எடுக்கக் கடைக்காரர் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், அது அவர் போனிலும் கம்ப்யூட்டரிலும் மாதக்கணக்கில் கிடக்கிறது. பிரின்ட் எடுத்ததும் நின்று நம் கோப்பை அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடிந்த இடத்திலெல்லாம் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரையே கொடுங்கள், ஆதார் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கும்: பெயரின் முதல் நாலு ஆங்கிலப் பெரிய எழுத்து, அதோடு பிறந்த வருடம். எந்த ஜெராக்ஸ் கொடுத்தாலும் எதற்காக, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி வேண்டும். கூகுளில் 15 ஜிபி இலவசம்தான், ஆனால் மெயிலும் போட்டோவும் சேர்ந்துதான் அந்த இடம், நிரம்பிவிட்டால் புது மெயிலே வராது. அதோடு இரண்டு வருடம் தொடாத கணக்கை அவர்கள் அழித்துவிடலாம், ஆவணத்துக்கென்று தனி மெயில் திறந்து மறந்துவிடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கிளவுடில் அழித்தால் அதோடு இணைந்த எல்லாக் கருவியிலும் அழியும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் முழு ஃபோல்டரையும் காப்பி செய்து வேறு வீட்டில், தங்கை வீடோ அண்ணன் வீடோ, வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு போட்டு வையுங்கள்.

ஒரு தாள்

இவ்வளவும் செய்துவிட்டு இதை விட்டால் பிரயோஜனம் இல்லை. ஒரு தாளில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், கையால் எழுதுங்கள். எந்தப் பேப்பர் எந்தக் கவரில், கவர் எங்கே. எந்த வங்கி, எந்தக் கிளை, கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம், நாமினி யார். எல்.ஐ.சி., மருத்துவக் காப்பீடு, எந்த ஏஜென்ட். பி.எஃப்., தபால் அலுவலகச் சேமிப்பு. அடகு வைத்த நகை எங்கே, சீட்டு எந்த இடத்தில் எத்தனை மாதம் கட்டியாயிற்று, கைமாற்றாக யாருக்குக் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், வாடகை வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு. கடைசியில் சொன்னவற்றுக்குப் பெரும்பாலும் பேப்பரே இருக்காது, அதனால்தான் எழுத வேண்டும். கணவன் கடன் கொடுத்தது மனைவிக்குத் தெரியாது, மனைவி சீட்டுக் கட்டுவது கணவனுக்குத் தெரியாது என்ற வீட்டில் இந்தத் தாளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எழுதுங்கள்.

எந்தக் கணக்கில் எந்தப் போன் எண் பதிந்திருக்கிறது என்பதையும் மறக்காமல் சேருங்கள். இன்றைக்கு ஓ.டி.பி. இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அப்பா காலமானதும் அவர் சிம்முக்கு ரீசார்ஜ் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள், 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம், பிறகு வேறு யாருக்காவது போய்விடும். வாரிசுச் சான்று வாங்கி, வங்கி வேலையெல்லாம் முடியும் வரை அந்த எண்ணை உயிரோடு வையுங்கள். பாஸ்வேர்டுகளை இந்தத் தாளில் எழுத வேண்டாம், தனி நோட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்து, நோட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் இதில் எழுதுங்கள்.

நாமினி விவரத்தை எழுதும்போதே காலியாக இருக்கும் இடங்கள் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயர் அப்படியே இருப்பதும் தெரியும். மாற்றிவிடுங்கள். வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினி வரை போடலாம். நாமினி பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான், அதில் மற்ற வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும், யாருக்கு எது என்று தீர்க்கமாகச் சொல்ல நினைப்பவர்கள் உயில் எழுதுங்கள். பெற்றோர் போட்டு மறந்த டெபாசிட் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் பெயரையும் வங்கியையும் கொடுத்துத் தேடலாம். பத்து வருடம் யாரும் கேட்காத டெபாசிட் தனி நிதிக்குப் போய்விடும், ஆனாலும் உரியவர் வங்கியில் ஆதாரத்தோடு கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

தாளின் தலையில் தேதி போடுங்கள். அசல் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும், ஒரு ஜெராக்ஸ் வீட்டுக்கு வெளியே நீங்கள் நம்பும் ஒருவரிடம் உறையில் ஒட்டிக் கொடுத்து வையுங்கள். அடுத்த வருடம் போகிக்குப் புதிதாக எழுதும்போது பழைய தாள் இரண்டையும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள், வீட்டில் இரண்டு தாள் கிடந்தால் எதை நம்புவது என்று தேடுகிறவருக்குத் தெரியாது.